குறையே இல்லாத பெருக்கி

இயற்பியல் பயில வருகிறவர்கள் முதலாண்டிலேயே ஒரு விந்தையான நாட்டுக்குக் குடியேறி விடுகிறோம். அந்த நாட்டில் கயிற்றுக்கு எடை கிடையாது. கப்பிக்கு உராய்வு கிடையாது. எறிந்த பந்தைக் காற்று தடுப்பதில்லை. வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதுமில்லை. அந்நாட்டுக் குடிமக்கள் அனைவருக்கும் 'இலட்சிய' என்னும் அடைமொழி உண்டு. மூன்றாம் ஆண்டில் மின்னணுவியல் தாளைத் திறந்தால் அங்கும் ஒருவர் காத்திருக்கிறார். அவர்தாம் இலட்சிய செயற்பாட்டுப் பெருக்கி. நாமெல்லாம் செல்லமாக 'ஆப்-ஆம்ப்' என்று அழைப்பவர்.

அவருடைய குணநலன்களைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்யாதவர் நம் துறையில் யாருமிலர். பெருக்கம் முடிவிலி, உள்ளீட்டு மின்தடை முடிவிலி, வெளியீட்டு மின்தடை சுழி, எந்த அதிர்வெண்ணுக்கும் சோர்வதில்லை, உள்ளீடுகள் இரண்டும் சமமானால் வெளியீடு சுழி. எழுதினால் ஐந்து மதிப்பெண் உறுதி. இத்தனை நற்குணங்களும் ஒருங்கே அமைந்த ஒருவரைக் கணிப்பொறிக்குள் வைத்து வேலை வாங்கினால் என்ன நேரும்? சென்ற ஆண்டு எங்கள் செய்முறைத் திட்டத்தின்போது இதனை நான் நேரில் கண்டேன். இளைய மாணவர்களுக்குப் பயன்படும் என்று எங்கள் பேராசிரியர் கூறியதால் இம்மலரில் எழுதத் துணிந்தேன்.

பெயர் வந்த கதை

'செயற்பாட்டுப் பெருக்கி' என்ற பெயரே சற்று வேடிக்கையானது. செயற்படாத பெருக்கி என்று ஒன்று உண்டா என்ன? இங்கே செயற்பாடு என்பது கணிதச் செயலைக் குறிக்கும். கூட்டல், கழித்தல், தொகையிடல், வகையிடல் ஆகியவற்றை மின்னழுத்தங்களைக் கொண்டே செய்து முடிக்கும் கணிப்பொறிகள் ஒரு காலத்தில் இருந்தன. இரண்டாம் உலகப் போரில் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் குறி பார்க்க வைத்த கருவிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றின் உறுப்பாக இருந்த பெருக்கிக்கு 1947-இல் ஜான் ரகஸினி என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் தம் ஆய்வுக் கட்டுரையில் இந்தப் பெயரைச் சூட்டினார்கள். 1950-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பில்பிரிக் என்பவரின் நிறுவனம் இரண்டு வால்வுகளைக் கொண்ட பெருக்கியைக் கடையில் வாங்கக்கூடிய பொருளாக்கியது. 1965-இல் பாப் விட்லர் வடிவமைத்த 709, 1968-இல் டேவ் ஃபுல்லாகர் வடிவமைத்த 741 என்று அது சிலிக்கான் சில்லுக்குள் புகுந்தது. அந்த 741-தான் இன்றும் நம் ஆய்வுக்கூடத்துப் பிரெட்போர்டில் எட்டுக் கால்களுடன் உட்கார்ந்திருக்கிறது.

மின்சுற்றைக் கணிப்பொறியிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருளுக்கும் ஏறத்தாழ அதே வயதுதான். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் நேகல் என்ற ஆய்வு மாணவரும் அவருடைய பேராசிரியர் டொனால்டு பெடர்சனும் 1973-இல் வெளியிட்ட 'ஸ்பைஸ்' என்னும் நிரலே இன்றுள்ள பலவற்றுக்கும் மூதாதை. ஒரு மாணவனின் ஆய்வேட்டு வேலை உலகம் முழுவதும் பரவியது என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். அதன் வழிவந்த 'என்.ஜி.ஸ்பைஸ்' இன்று இலவசமாகவே கிடைக்கிறது. அதனையும் வேறு சில கட்டற்ற மென்பொருள்களையும் இணைத்து மும்பை ஐ.ஐ.டி. 'இ-சிம்' என்ற பெயரில் நம் நாட்டு மாணவர்களுக்காகவே வழங்கி வருகிறது.

இது எவ்வளவு பெரிய உதவி என்பது கிராமத்திலிருந்து பேருந்தில் வரும் மாணவனுக்குத்தான் தெரியும். ஆய்வுக்கூட நேரம் வாரத்தில் சில மணிதான். சி.ஆர்.ஓ.வுக்கு முன்னால் ஐந்து பேர் நிற்போம். நானோ விக்கிரவாண்டியிலிருந்து வருகிறவன். மாலையில் விழுப்புரத்தில் பஸ் ஏறி வீடு சேர்ந்தபின், அக்காள் பிளஸ் டூ படித்தபோது அரசு வழங்கிய பழைய மடிக்கணினியில் நள்ளிரவு வரை எத்தனை சுற்று வேண்டுமானாலும் அமைத்துப் பார்க்கலாம். ஐ.சி. சுட்டுப் போகாது, மின்தடை வாங்கக் காசு வேண்டாம். ஐயம் தோன்றினால் சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் இராதாகிருஷ்ண ராவ் அவர்களின் பாடங்களை என்.பி.டெல். வழியாகக் கேட்கலாம். ஆகவே இக்கட்டுரை கணிப்பொறியைக் குறை கூற எழுந்ததன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் திட்டம்

விக்கிரவாண்டியை நண்பர்கள் பலர் பஸ் சன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பார்கள். விழுப்புரத்துக்கு வடக்கே, திண்டிவனத்துக்குப் போகிற பெருஞ்சாலையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர்ச் சாலை பிரிகிற ஊர். சுங்கச்சாவடிக்குப் பெயர் போனது இப்போதுதான். எங்களுக்கு அது நெல்லும் கரும்பும் மணிலாவும் விளைகிற ஊர். ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் உள்ள ஊர்.

என் தந்தையார் சிறு விவசாயி. அறுவடைக் காலத்தில் எங்கள் வீட்டுப் பேச்சில் பாதி எடையைப் பற்றியதாகவே இருக்கும். களத்துக்கே வந்து எடை போட்டு ஏற்றிச் செல்லும் வியாபாரி ஒருவரின் தராசு, காலையில் ஒரு கணக்கும் மதியம் ஒரு கணக்கும் சொல்கிறது என்று அவர் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார். "அது மின்சாரத் தராசு, பொய் சொல்லாது" என்று மற்றவர்கள் அவரை அடக்கி விடுவார்கள். எங்கள் குழு மூவருக்கும் திட்டத் தலைப்பு தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது, நான் எடைக் கருவியையே சொன்னேன். தந்தையின் வார்த்தை மெய்யா, மனப்பிரமையா என்று அறிந்துகொள்ளும் ஆசையும் அதில் இருந்தது.

மின்னணுத் தராசின் உயிர்நிலை 'லோடு செல்' என்னும் உலோகத் துண்டு. அதன்மேல் ஒட்டிய மெல்லிய மின்தடைகள் வீட்ஸ்டன் சமனச் சுற்றாக இணைக்கப்பட்டிருக்கும். பளு ஏறும்போது உலோகம் நம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது, மின்தடை மாறுகிறது, சமனம் குலைகிறது. வழக்கமான ஒரு லோடு செல், கொடுக்கும் ஒவ்வொரு வோல்ட்டுக்கும் முழுப் பளுவில் 2 மில்லிவோல்ட் தரும். 5 வோல்ட் கொடுத்தால் கிடைப்பது 10 மில்லிவோல்ட். நூறு கிலோ எடை முழுவதும் இந்த 10 மில்லிவோல்ட்டுக்குள் அடங்கியிருக்கிறது! ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு. அதனை 500 மடங்கு பெருக்கினால் 5 வோல்ட் ஆகும். பெருக்குவதற்கு வேண்டியவர் நம் ஆப்-ஆம்ப்.

ஒரே வரியில் ஒரு பெருக்கி

ஸ்பைஸ் மொழியில் ஆங்கில 'ஈ' எழுத்தில் தொடங்கும் ஒரு வரி எழுதினால் போதும். மின்னழுத்தத்தால் ஆளப்படும் மின்னழுத்த மூலம் உருவாகிவிடும். வெளியீட்டுக் கணுக்கள் இரண்டு, உள்ளீட்டுக் கணுக்கள் இரண்டு, பெருக்கம் 1,00,000. இலட்சிய ஆப்-ஆம்ப் அவ்வளவுதான். அதற்குப் பவர் சப்ளைகூட வேண்டாம்.

மென்பொருள் உள்ளே என்ன செய்கிறது? ஒவ்வொரு கணுவுக்கும் கிர்க்காஃபின் மின்னோட்ட விதியை எழுதி, எல்லாவற்றையும் ஒருங்கமை சமன்பாடுகளாகத் தீர்க்கிறது. நாம் வகுப்பில் மூன்று சமன்பாடுகளுக்குச் செய்வதை அது மூவாயிரத்துக்கும் செய்யும். பெருக்கத்தை முடிவிலி என்றே வைத்துக்கொண்டால் ஆப்-ஆம்ப் அந்தச் சமன்பாட்டுக் கூட்டத்தில் ஒரே ஒரு வரியாகச் சேரும்: 'புரட்டா உள்ளீட்டின் மின்னழுத்தத்திலிருந்து புரட்டும் உள்ளீட்டின் மின்னழுத்தத்தைக் கழித்தால் சுழி.' வகுப்பில் 'வர்ச்சுவல் கிரவுண்டு' என்று நாம் சொல்வதும் இதைத்தான்.

எங்கள் சுற்றை இவ்வாறு எழுதி ஓட்டினோம். ஐம்பது கிலோவுக்கு 2.5 வோல்ட், நூறு கிலோவுக்கு 5 வோல்ட். வரைபடம் அளவுகோல் வைத்து இழுத்த கோடுபோல் வந்தது. அடுத்து அதனைக் கையால் அமைக்க வேண்டும். அதற்கு மாமாவின் கடைக்குப் போனேன்.

மாமாவின் முதல் கேள்வி

என் தாய்மாமா விக்கிரவாண்டிக் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். வால்வு ரேடியோவில் தொழில் பழகியவர். இப்போது ரேடியோ வருவதில்லை. மைக் செட் ஆம்ப்ளிபையரும் ஹோம் தியேட்டரும் வருகின்றன. பேஸ், டிரெபிள் பலகையில் இருக்கும் 4558 ஐ.சி.யைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவார். அது ஒரு கூட்டுக்குள் இரண்டு ஆப்-ஆம்ப் என்பதும் அவருக்குத் தெரியும். பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டாதவர். சமன்பாடு எழுத மாட்டார்.

மடிக்கணினியைத் திறந்து நாங்கள் செய்ததைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"மாப்ள, ரெண்டாங் காலையும் மூணாங் காலையும் மாத்திப் போட்டுட்டா, உங்க கம்ப்யூட்டர் இன்னா சொல்லும்?"

741-இல் இரண்டாம் கால் புரட்டும் உள்ளீடு. மூன்றாம் கால் புரட்டா உள்ளீடு. இவற்றை மாற்றினால் எதிர்ப் பின்னூட்டம் நேர்ப் பின்னூட்டமாகிவிடும். சுற்று வேலை செய்யாது. இது பாடப்புத்தகம் சொல்வது. "தப்புன்னு சொல்லிடும் மாமா" என்றேன்.

"எங்க, போட்டுக் காட்டு."

எளிமைக்காக ஒரு சாதாரணப் புரட்டும் பெருக்கியை எடுத்துக்கொண்டோம். உள்ளீட்டுப் பக்கம் 10 கிலோ ஓம், பின்னூட்டத்தில் 100 கிலோ ஓம். ஆகவே பெருக்கம் பத்து. உள்ளீடு 0.1 வோல்ட். கால்கள் சரியாக இருந்தபோது விடை −0.99989 வோல்ட் என்று வந்தது. பிறகு இரு கால்களையும் மாற்றி ஓட்டினோம். விடை −1.00011 வோல்ட்!

நான் திகைத்துப் போனேன். சரியான சுற்றுக்கும் தவறான சுற்றுக்கும் உள்ள வேறுபாடு ஐந்தாயிரத்தில் ஒரு பங்குதான். பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட அந்த வேறுபாடும் மறைந்து இரண்டும் −1-ஐயே அடையும். பெருக்கி எவ்வளவுக்கு எவ்வளவு இலட்சியமாகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு நல்லதையும் கெட்டதையும் பிரித்தறியும் ஆற்றலை இழக்கிறது!

மாமா ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பிரெட்போர்டை எடுத்து, 12-0-12 டிரான்ஸ்பார்மரில் பவர் சப்ளை கட்டி, அதே சுற்றைக் கால் மாற்றிப் போட்டார். மல்டிமீட்டர் முள் ஒரே தாவலில் 11 வோல்ட் அருகே போய் நின்றது. உள்ளீட்டைச் சற்றுக் கூட்டினாலும் குறைத்தாலும் அசையவில்லை. அணைத்துப் போட்டபோது இந்தப் பக்கம் 11; மறுமுறை அந்தப் பக்கம் 11. நடுவில், கணிப்பொறி சொன்ன அந்த ஒரு வோல்ட்டில், அது ஒரு கணமும் தங்கவில்லை.

"கணக்குல நிக்குது, கையில நிக்கலியே" என்றார்.

காணாமற்போன பொருள்

கணிப்பொறி பொய் சொன்னதா? அன்றிரவு முழுவதும் இதே சிந்தனை. விடியும்போதுதான் விளங்கியது. அது பொய் சொல்லவில்லை. நாங்கள் கேட்ட கேள்விக்கு நேர்மையாகவே விடை சொன்னது.

அந்த ஒற்றை வரிச் சமன்பாட்டை மீண்டும் பாருங்கள். 'மூன்றாம் காலிலிருந்து இரண்டாம் காலைக் கழித்தால் சுழி.' இதையே 'இரண்டிலிருந்து மூன்றைக் கழித்தால் சுழி' என்று எழுதினால் ஏதாவது மாறுகிறதா? இல்லை. அந்தச் சமன்பாட்டுக்குப் புரட்டும் கால் எது, புரட்டாக் கால் எது என்பதே தெரியாது! தெரியாத ஒன்றை அது நமக்கு எப்படிச் சொல்லும்?

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். குண்டூசியை அதன் முனையில் நேராக நிறுத்த முடியுமா? விசைகளின் சமன்பாட்டைக் கேட்டால் 'முடியும், விசைகள் சமனாகவே உள்ளன' என்று சொல்லும். கை வைத்துப் பார்த்தால் விழுந்துவிடும். சமநிலை இருப்பது வேறு. அது நிலைப்பது வேறு. கால் மாற்றிய சுற்றிலும் −1 வோல்ட்டில் ஒரு சமநிலை உண்மையாகவே இருக்கிறது. ஆனால் அணுவளவு பிசகினாலும் அது விலகி ஓடிவிடும். விலகுவதா, திரும்புவதா என்பது காலத்தில் நடக்கிற செயல். எங்கள் ஒற்றை வரிப் பெருக்கியில் காலம் என்ற பொருளே இல்லை. அது எல்லாவற்றையும் கணத்தில் முடித்துவிடுகிற பெருக்கி.

ஆகவே காலத்தைச் சேர்த்தோம். பெருக்கியை இரண்டாகப் பிரித்து, நடுவே 1 மெகா ஓம் மின்தடையையும் 15.9 நானோ ஃபாரட் மின்தேக்கியையும் வைத்தோம். இதனால் 10 ஹெர்ட்ஸுக்கு மேல் பெருக்கம் குறையத் தொடங்கி, 10 இலட்சம் ஹெர்ட்ஸில் ஒன்றாகிவிடும். மெய்யான 741-ம் ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொள்கிறது. கால இடைவெளியை மிகச் சிறியதாகக் கொடுத்து, சுழியிலிருந்து தொடங்கி ஓட்டினோம். சரியான சுற்று சில மைக்ரோ செகண்டுகளில் அமைதியாக −1-க்குப் போய் அமர்ந்தது. கால் மாற்றிய சுற்றோ எதிர்த்திசையில் கிளம்பி, 10 மைக்ரோ செகண்டில் சுமார் 300 வோல்ட்டையும், 20-இல் சுமார் 90 ஆயிரம் வோல்ட்டையும் தொட்டது! மின்தேக்கி ஒன்றைச் சேர்த்த அளவில் கணிப்பொறிக்கு நல்லது கெட்டது தெரிந்துவிட்டது.

எனினும் 90 ஆயிரம் வோல்ட் என்பது மாமாவின் கடையில் நடக்காத காரியம். அங்கே இருப்பது 12 வோல்ட் டிரான்ஸ்பார்மர். ஆகவே அடுத்து ஒரு கரை கட்டினோம். ஸ்பைஸில் 'பி' எழுத்தில் தொடங்கும் மூலத்துக்கு நாமே சூத்திரம் எழுதலாம். ஹைப்பர்பாலிக் டேன்ஜென்ட் சார்பு எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும் ஒன்றைத் தாண்டாது. அதனை 11-ஆல் பெருக்கி வெளியீடாக வைத்தால், பெருக்கி 11 வோல்ட்டுக்கு மேல் போகாது. இப்போது கால் மாற்றிய சுற்று +11-இல் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளீட்டை எதிர்த்திசையில் 1.1 வோல்ட் தாண்டிக் கொண்டுபோன பிறகே மறுகரைக்குத் தாவியது. மாமாவின் மல்டிமீட்டரும் மடிக்கணினியும் முதன்முறையாக ஒன்றுபட்டன. அது வேறொன்றுமில்லை, நம் பாடத்திலேயே உள்ள ஷ்மிட் டிரிக்கர்! பெருக்கியாக அது தோல்வி; அந்த வேலைக்கு அதுவே வெற்றி.

இவ்வளவையும் 1970-களிலேயே ஆராய்ந்தவர்கள் உண்டு. 741-க்குள் இருபதுக்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அனைத்தையும் எழுதினால் அக்காலக் கணிப்பொறி திணறும். ஆகவே 1974-இல் பாயில், கோன், பெடர்சன், சாலமன் என்னும் நால்வர், இரண்டே டிரான்சிஸ்டர்களும் சில எளிய உறுப்புகளும் கொண்டு 741-இன் வெளிநடத்தையை மட்டும் காட்டும் மாதிரியை வெளியிட்டார்கள். முழு உண்மையும் வேண்டாம், வெறும் இலட்சியமும் வேண்டாம். செய்யும் வேலைக்கு எந்தக் குறை முக்கியமோ அந்தக் குறையைச் சேர் என்பதே அவர்கள் வகுத்த வழி.

நண்பகல் சோதனை

எங்கள் வேலைக்கு எந்தக் குறை முக்கியம்? மைக் செட்டுக்காரர் என்றால் வேகம் முக்கியம். 741-இன் வெளியீடு ஒரு மைக்ரோ செகண்டில் அரை வோல்ட்டுக்கு மேல் ஏறாது. 10 வோல்ட் வீச்சுள்ள ஒலியை 8,000 ஹெர்ட்ஸுக்கு மேல் அதனால் ஒழுங்காகத் தர முடியாது. "அதுல ஜால்ரா சத்தம் செத்துடும் மாப்ள" என்று மாமா இதையே தம் மொழியில் சொன்னார். ஆனால் நெல் மூட்டை ஜால்ரா அடிப்பதில்லை. எடைக்கு வேகம் வேண்டாம். அங்கே உயிர் வாங்கும் குறை வேறு.

உள்ளீடுகள் இரண்டும் சமமானால் வெளியீடு சுழி என்று மனப்பாடம் செய்தோம் அல்லவா? மெய்யான பெருக்கியில் அப்படி நிகழாது. உள்ளிருக்கும் இரட்டை டிரான்சிஸ்டர்கள் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆகவே உள்ளீட்டில் யாரோ ஒரு சிறு பாட்டரியை ஒளித்து வைத்ததுபோல் ஒரு விலகல் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். 741-இல் அது 1 அல்லது 2 மில்லிவோல்ட் இருப்பது வழக்கம். 6 வரையிலும் போகலாம்.

கேட்பதற்குச் சிறிய எண். ஆனால் எங்கள் நூறு கிலோவே 10 மில்லிவோல்ட்டுக்குள் அடக்கம். 1 மில்லிவோல்ட் விலகல் என்றால் பத்துக் கிலோ! தட்டில் ஒன்றும் இல்லாமலேயே தராசு பத்துக் கிலோ காட்டும். ஸ்பைஸில் புரட்டா உள்ளீட்டோடு 1 மில்லிவோல்ட் மூலத்தைத் தொடராக வைத்து ஓட்டியதும் அந்த அழகிய நேர்கோடு அப்படியே அரை வோல்ட் மேலே தூக்கி நின்றது.

இதைத் திருகிச் சரிசெய்யலாம். 741-இன் முதலாம் காலுக்கும் ஐந்தாம் காலுக்கும் இடையே 10 கிலோ ஓம் பிரீசெட் வைத்து, அதன் நடுமுனையை எதிர் மின்வழங்கிக்குக் கொடுத்துச் சுழியாக்கலாம். காலையில் அப்படியே செய்தோம். அப்போது மாமா இரண்டாவது கேள்வியைக் கேட்டார்: "இத இப்பிடியே வெச்சிருந்து மத்தியானம் பாரு. கடைக்குள்ள இல்ல, வெளியில தகரக் கொட்டாயில."

பங்குனி வெயில். பன்னிரண்டு மணிக்குக் காலித் தட்டைப் பார்த்தோம். காலையில் சுழியாக இருந்தது இப்போது சுழியாக இல்லை. விலகல் மின்னழுத்தம் வெப்பத்தோடு மாறுகிறது. டிகிரிக்கு 10 மைக்ரோவோல்ட் என்று வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். காலைக்கும் நண்பகலுக்கும் 10 டிகிரி வேறுபாடு இருந்தால் 100 மைக்ரோவோல்ட். அதாவது ஒரு கிலோ. அது நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று பொருளன்று. தட்டில் எது வைத்தாலும், எத்தனை முறை வைத்தாலும், ஒவ்வொரு முறைக்கும் ஒரு கிலோ. 75 கிலோ மூட்டைகள் நாற்பதை நிறுத்தால் நாற்பது கிலோ. அரை மூட்டைக்கும் மேல்!

மாலையில் இந்தக் கணக்கை என் தந்தையாரிடம் காட்டினேன். அந்த வியாபாரியின் தராசுக்குள் என்ன சில்லு இருந்தது, அதன் குறை என்ன என்று நாங்கள் அறியோம். ஆகவே அவர் மீது குற்றம் சுமத்த எனக்கு உரிமையில்லை என்பதையும் சொன்னேன். அவர் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "அப்ப, வெயில்ல மாறும்னு நான் சொன்னது நடக்கக் கூடியதுதானே?" என்று மட்டும் கேட்டார். "நடக்கக் கூடியதுதான் அப்பா" என்றேன். பல ஆண்டுகளாக வீட்டில் சிரிப்புக்கு இடமாக இருந்த ஒரு வார்த்தைக்கு அன்று மரியாதை கிடைத்தது.

வழி இல்லாமல் இல்லை. ஒவ்வொரு மூட்டைக்கு முன்னும் காலித் தட்டின் அளவைக் குறித்துக் கழித்துவிட்டால் இந்தப் பிழை பெரும்பாலும் ஒழியும். 741-க்குப் பதில் ஓ.பி.07 போன்ற சில்லைப் போட்டால், விலகல் ஒரு மில்லிவோல்ட்டில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருப்பது வழக்கம். வெப்பத்துக்கும் அது எளிதில் அசையாது. இக்காலத் தராசுகளில் பெருக்கியும் 24 பிட் மாற்றியும் ஒன்றாக அமைந்த சில்லுகள் வந்துவிட்டன. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி வணிகத் தராசுகளுக்குக் குறித்த காலத்தில் சரிபார்ப்பு முத்திரையும் கட்டாயம். இவற்றோடு வாங்குவோரும் விற்போரும், "முதல்ல காலித் தட்டைக் காட்டுங்க" என்று கேட்கும் பழக்கத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் ஓ.பி.07 கொண்டு, காலித் தட்டைக் கழிக்கும் முறையில் திட்டத்தை முடித்தோம்.

இளையவர்களுக்கு ஒரு சொல்

இலட்சிய ஆப்-ஆம்ப் வேண்டாம் என்று நான் கூறமாட்டேன். அது இல்லாவிட்டால் 10 கிலோ ஓமும் 100 கிலோ ஓமும் பத்து மடங்கைத் தருகின்றன என்ற எளிய உண்மையே டிரான்சிஸ்டர்க் கூட்டத்தில் தொலைந்து போயிருக்கும். ஆனால் அதனை முதற்படியாகக் கொள்ளுங்கள். முதலில் ஒற்றை வரிப் பெருக்கி. விடையின் அளவு தெரியும். இரண்டாவதாக ஒரு மின்தேக்கி. சுற்று நிலைக்குமா என்று தெரியும். மூன்றாவதாகக் கரைகள், பவர் சப்ளை அனுமதிக்குமா என்று தெரியும். நான்காவதாக விலகல் மின்னழுத்தம்; நம்பலாமா என்று தெரியும். ஒவ்வொரு படியிலும், 'இந்த மாதிரிக்கு எது தெரியாது?' என்று கேளுங்கள். தெரியாததைப் பற்றி அது சொல்லும் விடை எத்தனை தசம இடங்களோடு வந்தாலும் நம்பாதீர்கள்.

நான்கு படிக்குப் பிறகு ஐந்தாவது படி ஒன்று உண்டு. அது நம் ஆய்வுக்கூடத்து மேசையிலோ, ஏதேனும் ஒரு கடைத்தெருவில் சால்டரிங் புகைக்கு நடுவே அமர்ந்திருக்கும் ஒருவரிடமோ இருக்கிறது. அவரிடம் கேள்வி கேட்கக் கூச்சப்படாதீர்கள். அவர் நம்மைக் கேட்டால் பதில் சொல்லவும் தயங்காதீர்கள். எங்கள் திட்ட அறிக்கையின் நன்றியுரையில் பேராசிரியர்களின் பெயர்களுக்கு அடுத்தபடியாக மாமாவின் பெயரையும் சேர்த்தோம். அதைப் படித்துக் காட்டியபோது, "அந்தக் கால் மாத்தற விஷயத்த எழுதினியா?" என்றுதான் கேட்டார். எழுதியிருந்தோம். இப்போது உங்களுக்கும் எழுதிவிட்டேன்.